நிரந்தரக் கேபிள் ஹெட்ஃபோனைக் கழற்றி மாட்டும் கேபிளுக்கு மாற்றுவது எப்படி?

கம்பியுள்ள ஹெட்ஃபோன்களில் முதலில் பழுதாவது பெரும்பாலும் கேபிள்தான். உள்ளே ஒலியை எழுப்பும் டிரைவர்கள், அளவான ஒலியில் பயன்படுத்தினால், பல ஆண்டுகள் உழைக்கும். ஆனால் கேபிள் காதுக் கிண்ணத்துக்குள் நுழையும் இடத்திலும் பிளக்கின் கழுத்திலும் அன்றாடம் வளைந்து நிமிர்ந்து, உள்ளிருக்கும் மெல்லிய செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துவிடுகின்றன. முதலில் ஒரு பக்கம் விட்டுவிட்டுக் கேட்கும், பிறகு கேபிளை ஒரு கோணத்தில் பிடித்தால் மட்டும் கேட்கும், கடைசியில் கேட்கவே கேட்காது. கிண்ணத்தின் அடியில் ஒரு சாக்கெட்டைப் பொருத்திவிட்டால், அடுத்த முறை கேபிள் அறுந்தால் கடையில் வேறொன்று வாங்கிச் செருகிக்கொள்ளலாம். யாராவது கேபிளில் கால் தட்டினாலும் பிளக் கழன்று வருமே தவிர, ஹெட்ஃபோன் மேசையிலிருந்து கீழே விழாது.

தயாரிப்பாளர்களும் மெல்ல இந்தப் பக்கம் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஆடியோ-டெக்னிகா தன் எம்50 ஹெட்ஃபோனை 2014இல் எம்50எக்ஸ் என்று புதுப்பித்தபோது செய்த முக்கிய மாற்றம் கழற்றி மாட்டும் கேபிள்தான். ஆனால் ஒலிப்பதிவுக் கூடங்களில் இன்றும் பரவலாகக் காணப்படும் சோனி எம்.டி.ஆர்-7506, பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ ஆகிய இரண்டும் கேபிள் நிரந்தரமாகப் பிணைக்கப்பட்ட வடிவிலேயே பல ஆண்டுகளாக விற்கப்பட்டுவருகின்றன. இக்கட்டுரையில் 1991இல் வெளிவந்த எம்.டி.ஆர்-7506ஐ மனத்தில் வைத்துக்கொண்டு செய்முறையை விளக்குகிறேன். இடது கிண்ணத்தில் மட்டும் கேபிள் நுழையும் எந்த மூடிய வகை ஹெட்ஃபோனுக்கும் இது சிறு மாறுதல்களுடன் பொருந்தும்.

இரண்டு கிண்ணங்களிலும் தனித்தனியே கேபிள் நுழையும் ஹெட்ஃபோன்களுக்கு இரண்டு சாக்கெட்டுகள் தேவைப்படும் என்பதால் வேலையும் இரட்டிப்பாகும். அதை இரண்டாவது முயற்சியாக வைத்துக்கொள்வது நல்லது. காதுக்குள் செருகும் சிறு இயர்ஃபோன்களில் புதியவர்கள் கை வைக்க வேண்டாம். புளூடூத் ஹெட்ஃபோன்களில் லித்தியம் பேட்டரியும் மின்சுற்றுப் பலகையும் இருப்பதால், அவற்றைத் துளையிடும் எண்ணமே வேண்டாம். உத்தரவாதக் காலம் முடியாத ஹெட்ஃபோனைத் திறந்தால் உத்தரவாதம் போய்விடும் என்பதையும் முதலிலேயே நினைவில் கொள்ள வேண்டும்.

திறப்பதற்கு முன் அளந்து பார்த்தல்

மல்டிமீட்டரை மின்தடையைக் காட்டும் ஓம் அளவுக்கு மாற்றி, பழைய பிளக்கின் முனைகளில் வைத்துப் பாருங்கள். மூன்று பகுதிகள் கொண்ட 3.5 மி.மீ. ஸ்டீரியோ பிளக்கில் நுனி இடது காதுக்கும், நடு வளையம் வலது காதுக்கும், அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவான கிரவுண்டுக்கும் உரியவை. நுனிக்கும் அடிப்பகுதிக்கும் இடையில் கிடைக்கும் எண், பெட்டியில் அச்சிட்டிருக்கும் ஓம் அளவுக்கு அருகில் இருக்க வேண்டும்; எம்.டி.ஆர்-7506க்கு அந்த அளவு 63 ஓம். வளையத்துக்கும் அடிப்பகுதிக்கும் இடையிலும் ஏறக்குறைய அதே எண் வர வேண்டும். நுனிக்கும் வளையத்துக்கும் இடையில் அளந்தால் இரண்டு டிரைவர்களும் தொடர்ச்சியாக இணைந்தது போலாகி, எண் இரட்டிப்பாகத் தெரியும். மீட்டரின் முனை படும்போது காதில் லேசான கரகரப்புக் கேட்பதும் டிரைவர் உயிரோடு இருப்பதற்கு அடையாளம்.

இந்த எண்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்தபின் புதிய சாக்கெட்டில் இதே எண்கள் வந்தால், பற்றவைப்பில் பெரும் பிழை எதுவும் இல்லை என்று பொருள். கேபிள் ஏற்கெனவே அறுந்திருந்தால் ஒரு பக்கத்துக்கு எண்ணே வராது. கேபிளைக் கிண்ணத்துக்கு அருகில் அசைத்தபடி அளந்தால் முறிவு எங்கே என்பதும் தெரிந்துவிடும். பிளக்கின் கழுத்தில்தான் முறிவு என்றால், இவ்வளவு வேலையும் தேவையில்லை, புதிய பிளக் ஒன்றைப் பற்றவைத்தாலே போதும்.

எந்தச் சாக்கெட்டை வாங்குவது

மூன்று முனை மினி எக்ஸ்.எல்.ஆர்., பூட்டிக்கொள்ளும் 2.5 மி.மீ. சாக்கெட் எனப் பல வகைகள் உண்டு. ஏ.கே.ஜி. நிறுவனத்தின் கே240 போன்றவற்றில் மினி எக்ஸ்.எல்.ஆர். இருப்பதைப் பார்த்து, அதுவே தரமானது என்று எண்ணத் தோன்றும். பிடிமானத்தில் அது மேலானது என்பது உண்மைதான். ஆயினும் அதற்குப் பெரிய துளை வேண்டும், கிண்ணத்துக்குள் ஆழமும் வேண்டும், கேபிளும் எளிதில் கிடைக்காது. கழற்றி மாட்டுவதன் முழுப் பயனே எந்தக் கடையிலும் கிடைக்கும் கேபிளைச் செருக முடிவதில்தான் இருக்கிறது. ஆகவே, நட்டு போட்டு இறுக்கும் வகையிலான சாதாரண 3.5 மி.மீ. ஸ்டீரியோ சாக்கெட்டையே நான் பரிந்துரைக்கிறேன்.

வாங்கும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். சாக்கெட்டின் திருகு மறை உள்ள கழுத்து, கிண்ணத்தின் சுவரைத் தாண்டி நட்டு பிடிக்கும் அளவுக்கு நீளமாக இருக்க வேண்டும். தொடர்புத் தகடுகள் வெளியே தெரியும் திறந்த வகையைவிட, பிளாஸ்டிக் உறைக்குள் மூடியிருக்கும் வகை மேல்; காரணத்தைக் காற்றடைப்புப் பகுதியில் சொல்கிறேன். கால்கள் மூன்று மட்டும் உள்ள சாக்கெட் கிடைத்தால் குழப்பம் குறையும். ஐந்து கால்கள் உள்ளவற்றில், பிளக் செருகாதபோது மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு ஸ்விட்ச் கால்கள் இருக்கும். அவை நமக்குத் தேவையில்லை. எந்தக் கால் எதற்குரியது என்பதைக் கடைக்காரர் சொல்வதை வைத்து முடிவு செய்யாமல், சாக்கெட்டில் ஒரு கேபிளைச் செருகி, அதன் மறுமுனைப் பிளக்கில் மீட்டரின் ஒரு முனையை வைத்து, மற்றொன்றால் ஒவ்வொரு காலாகத் தொட்டுப் பாருங்கள். சாக்கெட்டில் பிளக் செருகியிருக்கும்போது செய்யும் சோதனை மட்டுமே நம்பத்தக்கது.

நான்கு தொடர்பு உள்ள சாக்கெட்டைப் போட்டு, பின்னாளில் இடது, வலது இரண்டுக்கும் தனித்தனிக் கம்பி இணை செல்லும் ‘பேலன்ஸ்டு’ இணைப்புக்கும் வழி வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பதுண்டு. வலது டிரைவருக்குத் தலைப்பட்டை வழியாகச் செல்லும் கம்பியில் தனிக் கிரவுண்டு இருந்து, அது இடது பக்கக் கிரவுண்டோடு எங்கும் சேராமல் இருந்தால் மட்டுமே அது சாத்தியம். இரண்டு கிரவுண்டுகளும் ஒன்றாகச் சேர்ந்த ஹெட்ஃபோனைப் பேலன்ஸ்டு ஆம்ப்ளிஃபயரில் செருகினால், அதன் இரு வெளியீடுகள் ஒன்றோடொன்று ஷார்ட் ஆகி, ஆம்ப்ளிஃபயர் பழுதாகக்கூடும். முதல் முயற்சிக்கு இந்த ஆசையை விட்டுவிடலாம்.

சாக்கெட் தவிர, 25 வாட் சால்டரிங் அயர்ன் அல்லது வெப்பத்தைக் கட்டுப்படுத்தக்கூடிய ஒன்று, உள்ளே ரோசின் ஃப்ளக்ஸ் (ஈயம் நன்றாகப் பிடிக்க உதவும் பிசின்) உள்ள 60/40 ஈயக் கம்பி, மெல்லிய பல இழைக் கம்பி, சூடு பட்டால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாய், சிறு நட்சத்திரத் திருப்புளி, டிரில் பிட்டுகள், உருண்டை அரம், உப்புத்தாள், ஹாட் க்ளூ, மாஸ்கிங் டேப், முடிந்தால் ஒரு வெர்னியர் அளவி ஆகியவை வேண்டும். சென்னையில் இருப்பவர்களுக்கு இவை எல்லாமே ரிச்சி தெருவில் ஒரே நடையில் கிடைத்துவிடும். குழாய்களுக்கும் தகடுகளுக்கும் பயன்படும் அமிலப் பசையை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அது மெல்லிய செம்பு இழைகளை நாளடைவில் அரித்துவிடும்.

கிண்ணத்தைத் திறத்தல்

காது மெத்தையின் விளிம்புத் தோல் கிண்ணத்தின் பள்ளத்தில் மாட்டியிருக்கும். ஓரிடத்தில் விரலை நுழைத்துச் சுற்றிவர மெல்ல இழுத்தால் கழன்றுவிடும். அடியில் திருகுகள் தெரியும். அவற்றைக் கழற்றும்போது திருப்புளியைக் கைவிடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். டிரைவருக்குள் இருக்கும் நியோடிமியம் காந்தம் வலிமை மிக்கது. இரும்புத் திருப்புளியின் நுனியைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும். அப்படி இழுத்துப் படும் இடம் தாளைவிட மெல்லிய சவ்வாக இருந்துவிட்டால், அந்த டிரைவரை மீட்க வழியில்லை. எனவே, திருகுகளைத் தொடுவதற்கு முன்பே டிரைவரின் முகத்தை ஒரு கெட்டி அட்டையால் மூடி, ஓரங்களில் மாஸ்கிங் டேப்பை ஒட்டிவிடுங்கள். டேப்பின் பசை சவ்வின் மீது படக் கூடாது.

டிரைவர் பொருந்திய தகட்டைத் தூக்கியதும் உள்ளே கேபிளின் கம்பிகளும், தலைப்பட்டை வழியாக வலது பக்கம் செல்லும் கம்பிகளும் பற்றவைக்கப்பட்டிருக்கும் இடம் தெரியும். உடனே பல கோணங்களில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நிறக் கம்பி எந்தப் புள்ளியில் இருக்கிறது என்பதைத் தாளிலும் வரையுங்கள். பல ஹெட்ஃபோன்களில் சிவப்பு வலதுக்கும், பச்சை அல்லது நீலம் இடதுக்கும், வெறும் செம்பு நிறம் கிரவுண்டுக்கும் பயன்படுகின்றன. ஆனால் இதை விதியாகக் கொள்ளாமல் மீட்டரில் சரிபார்ப்பதே முறை.

இடம் தேடுதல்

இந்த வேலையில் தோல்வி பெரும்பாலும் பற்றவைப்பில் வருவதில்லை. சாக்கெட்டுக்குப் போதிய இடம் இருக்கிறதா என்று பார்க்காமல் துளையிடுவதில்தான் வருகிறது. பழைய கேபிள் நுழைந்த துளையே இயல்பான இடம். ஆனால் சாக்கெட்டின் உடல் கிண்ணத்துக்குள் ஒன்றரை சென்டிமீட்டர் வரை நீண்டு நிற்கும், அதன் பின்னால் கால்களும் கம்பிகளும் இருக்கும். டிரைவரின் முதுகோ, திருகு மாட்டும் தூண்களோ அந்த வழியில் குறுக்கிட்டால் கிண்ணம் மூடாது.

இதை அறிய ஓர் எளிய வழி உண்டு. குழந்தைகள் விளையாடும் வண்ணக் களிமண்ணைச் சாக்கெட்டின் பருமனுக்கு உருட்டி, மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றி, சாக்கெட் வரவேண்டிய இடத்தில் வைத்து, கிண்ணத்தை ஒருமுறை மூடித் திறந்து பாருங்கள். களிமண் நசுங்காமல் இருந்தால் இடம் போதும். ஒரு பக்கம் மட்டும் நசுங்கியிருந்தால் துளையைச் சில மில்லிமீட்டர் நகர்த்தலாம், அல்லது சாக்கெட்டைச் சற்றுச் சாய்த்து வைக்கலாம். முழுவதும் நசுங்கிவிட்டால் அந்தக் கிண்ணத்துக்குள் சாக்கெட்டை வைக்கும் திட்டத்தைக் கைவிடுவதே புத்திசாலித்தனம்.

அப்படிக் கைவிட நேர்ந்தால் மாற்று வழி இருக்கிறது. கேபிளைக் கிண்ணத்திலிருந்து 10 அல்லது 12 செ.மீ. தள்ளி வெட்டி, அந்தக் குட்டை வாலின் நுனியில், கேபிளில் பொருத்துவதற்கென்றே விற்கும் பெண் சாக்கெட் ஒன்றைப் பற்றவைத்துவிடலாம். துளையிடவே வேண்டாம், கிண்ணத்தைத் திறக்கவும் வேண்டாம். பார்வைக்கு அவ்வளவு அழகாக இராது என்பதும், கிண்ண வாயில் கேபிள் முறியும் ஆபத்து அப்படியே நீடிக்கும் என்பதும் அதன் குறைகள். இருந்தாலும், சால்டரிங் அயர்னை முதன்முதலாகக் கையில் எடுப்பவர் இதில் தொடங்கினால் நான் குறை சொல்ல மாட்டேன்.

சுவரின் தடிமனையும் அளந்துகொள்ளுங்கள். சாக்கெட்டின் மறைப்பகுதி சுவரைத் தாண்டி வெளியே குறைந்தது இரண்டு மி.மீ. நீளவில்லை என்றால் நட்டு பிடிக்காது. அப்போது துளையைச் சுற்றி உட்புறத்தை அரத்தால் சுரண்டி மெலிதாக்க வேண்டியிருக்கும்.

துளையிடுதல்

டிரைவர் தகட்டைக் கிண்ணத்திலிருந்து முடிந்தவரை அப்புறப்படுத்துங்கள். கம்பிகள் விடவில்லையென்றால், பழைய கேபிளின் கம்பிகளை உள்ளே மூன்று நான்கு செ.மீ. மிச்சம் வைத்து வெட்டிவிட்டு, முடிச்சோடு கேபிளை வெளியே உருவிவிடலாம். அப்போதும் வலது பக்கம் செல்லும் கம்பிகள் இணைந்திருக்கும் என்பதால், டிரைவரைத் துணியில் சுற்றி ஓரமாக வைத்து டேப்பால் நிறுத்துங்கள்.

3.5 மி.மீ. சாக்கெட்டுகள் பலவற்றுக்கு 6 மி.மீ. துளை தேவைப்படும். உங்கள் சாக்கெட்டின் கழுத்தை அளந்தே முடிவு செய்யுங்கள். ஒரே வீச்சில் 6 மி.மீ. பிட்டை இறக்கினால் பிளாஸ்டிக் விரிசல் விடும், அல்லது பிட் சிக்கிக் கிண்ணத்தையே சுழற்றிவிடும். பழைய துளையிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு அளவாக, மெதுவான சுழற்சியில் அகலப்படுத்துங்கள். கடைசி அரை மில்லிமீட்டரை உருண்டை அரத்தால் கையாலேயே தேய்ப்பது பாதுகாப்பானது. துளை பெரிதாகிவிட்டால் திரும்பச் சுருக்க முடியாது. மின்சார டிரில்லின் வேகத்தில் பிளாஸ்டிக் உருகி ஓரங்களில் திரளும் என்பதால், கையால் திருகும் சிறு டிரில்லே இதற்கு ஏற்றது.

துளையிட்டு முடிந்ததும் தூளைத் தூரிகையால் துடைத்தெடுங்கள். வாயால் ஊதினால் தூள் டிரைவருக்குள் போகும். சவ்வில் ஒரு துணுக்கு ஒட்டினாலும் தாழ்ந்த சுரங்களில் கிர்ரென்ற ஒலி கேட்கும்.

பற்றவைத்தல்

முதலில் சாக்கெட்டின் கால்களில் கம்பிகளைப் பற்றவையுங்கள். இதைக் கிண்ணத்துக்கு வெளியே, மேசையில் வைத்துச் செய்ய வேண்டும். ஐந்தாறு செ.மீ. நீளத்தில் மூன்று நிறக் கம்பிகளை வெட்டி, நுனிகளை உரித்து, ஈயம் பூசிக்கொள்ளுங்கள். சாக்கெட்டுக்குள் ஒரு பழைய பிளக்கைச் செருகி வைத்துக்கொண்டு பற்றவைப்பது நல்லது. சூட்டில் பிளாஸ்டிக் சற்று இளகினாலும், பிளக் உள்ளே இருப்பதால் கால்கள் இடம் மாறாமல் நிற்கும். 60/40 ஈயம் 190 பாகை செல்சியஸுக்குள் உருகிவிடும் என்றாலும், அயர்னின் நுனியை 330 முதல் 350 பாகை வரை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு காலையும் இரண்டு மூன்று நொடிகளில் முடித்துவிட வேண்டும். குறைந்த சூட்டில் நெடுநேரம் அழுத்திப் பிடிப்பதுதான் பிளாஸ்டிக்கை அதிகம் கெடுக்கும்.

அடுத்து, மறுமுனையைப் பழைய கேபிளின் மிச்சக் கம்பிகளோடு இணைக்க வேண்டும். நேராக டிரைவரின் முனைகளிலேயே பற்றவைக்கலாமே என்று தோன்றலாம். ஆனால் அதே முனைகளில்தான் சவ்வை அசைக்கும் சுருளான வாய்ஸ் காயிலின், தலைமுடியைவிட மெல்லிய கம்பிகள் வந்து சேர்கின்றன. அயர்ன் ஒரு கணம் தவறினால் அவை அறுந்துவிடும். மிச்சம் விட்ட கம்பிகளோடு இணைப்பதே புதியவர்களுக்குத் தகும்.

பழைய கம்பிகள் எளிதில் ஈயம் பிடிக்காமல் அடம் பிடிக்கக்கூடும். ஹெட்ஃபோன் கேபிள்களில் பெரும்பாலும் எனாமல் பூசிய நுண்ணிழைகளே இருக்கும், இடையே நைலான் நூலும் பின்னியிருக்கும். நிறமாகத் தெரிவது அந்தப் பூச்சுதான், அது மின்சாரத்தைக் கடத்தாது. அயர்னின் நுனியில் ஓர் உருண்டை ஈயத்தை உருக்கி, சூட்டை 390 பாகைக்கு அருகில் உயர்த்தி, கம்பியின் நுனியை அந்த உருகிய ஈயத்துக்குள் சில நொடிகள் நுழைத்து வையுங்கள். பூச்சு புகைந்து கருகி, உள்ளிருக்கும் செம்பு வெள்ளி நிறமாக ஈயம் பிடிக்கும். அதன் புகை நல்லதல்ல. சன்னலைத் திறந்துவைத்து, விசிறியைப் புகை வெளியேறும் திசையில் ஓடவிடுங்கள். அயர்னில் வெப்பத்தைக் கூட்ட முடியாவிட்டால் உப்புத்தாளின் இரு மடிப்புகளுக்கிடையே நுனியை வைத்து மெல்ல உருவிப் பூச்சை நீக்கலாம். பூச்சு போகாத கம்பியில் ஈயம் ஒட்டியது போலத் தெரிந்தாலும் உள்ளே தொடர்பு இராது. புதியவர்களின் இணைப்புகள் பேசாமல் போவதற்கு முதற்காரணம் இதுவே.

ஹீட் ஷ்ரிங்க் குழாயை இணைப்பதற்கு முன்பே கம்பியில் கோத்துவிடுங்கள். இணைத்தபின் கோக்க இடமிராது. இடதுக்குரிய கம்பி நுனிக் காலுக்கும், வலதுக்குரியது வளையக் காலுக்கும், கிரவுண்டுகள் எல்லாம் சேர்ந்து அடிப்பகுதிக் காலுக்கும் செல்ல வேண்டும். ஒவ்வொரு இணைப்பையும் குழாயால் மூடியபின், முதலில் குறித்துவைத்த எண்கள் சாக்கெட் வழியாகக் கிடைக்கின்றனவா என்று மீண்டும் அளந்து பாருங்கள்.

பொருத்துதலும் காற்றடைப்பும்

சாக்கெட்டை உள்ளிருந்து துளைக்குள் நுழைத்து, வெளியே வாஷரும் நட்டும் போட்டு இறுக்குங்கள். நட்டின் பிடி மட்டும் போதாது. பிளக்கைத் திருகிச் செருகும்போது சாக்கெட் உள்ளே சுழன்றால் கம்பிகள் முறுக்கிக்கொண்டு அறுந்துவிடும். சாக்கெட்டின் உடலை ஹாட் க்ளூவால் சுவரோடு சேர்த்து நிறுத்துங்கள். அழுத்தமான பிடி வேண்டுமென்றால் எம்-சீல் பயன்படுத்தலாம். ஆனால் பின்னால் சாக்கெட்டை மாற்ற நேர்ந்தால் அதைப் பெயர்ப்பது கடினம். பசை சாக்கெட்டின் தொடர்புகளுக்குள் வழியாதபடி இடைவெளிகளை முதலில் டேப்பால் மூடிக்கொள்ளுங்கள். உடனடியாக ஒட்டும் சூப்பர் க்ளூ வகைகளைக் கிண்ணத்துக்குள் பயன்படுத்தவே வேண்டாம். அவற்றின் ஆவி சுற்றிலும் வெண்படலமாகப் படியும் இயல்புடையது. அது சவ்வில் படிய இடம் கொடுக்கக் கூடாது.

மூடிய வகை ஹெட்ஃபோனில் கிண்ணத்துக்குள் அடைபட்டிருக்கும் காற்றும் ஒலியின் ஒரு பகுதியே. தயாரிப்பாளர் விட்டிருக்கும் சிறு துளைகளைத் தவிர வேறு வழியில் காற்று கசிந்தால், தாழ்ந்த சுரங்களின் அளவு மாறிவிடும். திறந்த வகைச் சாக்கெட்டில் செருகுவாய் வழியாகவே காற்று உள்ளே போய்வரும் என்பதால்தான் மூடிய உறை உள்ளதைப் பரிந்துரைத்தேன். துளையின் ஓரத்திலும் இடைவெளி இல்லாமல் பசையால் அடைத்துவிடுங்கள். தயாரிப்பாளர் விட்ட துளைகளையும், உள்ளே வைத்திருக்கும் பஞ்சு அல்லது நுரைத் துண்டையும் மட்டும் தொடாமல், இருந்தபடியே திருப்பி வையுங்கள்.

கேட்டுப் பார்த்தல்

திருகுகளை முழுவதும் இறுக்குவதற்கு முன், ஒலியைக் குறைத்து வைத்து ஒரு பாட்டைப் போடுங்கள். இடது வலது மாறியிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். பிறகு, இரு காதுக்கும் ஒரே ஒலியைத் தரும் மோனோ பதிவு ஒன்றைக் கேளுங்கள். பாடகரின் குரல் தலையின் நடுவில் ஒன்றாகக் கேட்க வேண்டும். குரல் நடுவில் நிற்காமல் இருபுறமும் சிதறி, பாஸ் மெலிந்து ஒலித்தால், ஒரு டிரைவரின் இரு கம்பிகள் தலைகீழாக இணைந்திருக்கின்றன. படத்தையும் தாளையும் பார்த்துத் திருத்துங்கள். 20 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை ஏறும் சோதனை ஒலியை ஓடவிட்டால், கிண்ணத்துக்குள் தளர்ந்து ஆடும் கம்பியோ, சவ்வில் ஒட்டிய தூளோ இருந்தால் அதிரும் ஒலியாகக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு காதில் மட்டும் பாஸ் குறைந்தால் மெத்தை சரியாக உட்காராததோ காற்றுக் கசிவோ காரணமாக இருக்கலாம்.

கடைசியாகப் பிளக்கைச் செருகியபடியே சுழற்றிப் பாருங்கள். கரகரப்பு வந்தால் சாக்கெட்டின் தொடர்பிலோ பற்றவைப்பிலோ குறை உண்டு. கிண்ணத்தை மூடியபின் அதைத் தேடுவதைவிட இப்போதே சரிசெய்வது மேல்.

கேபிள் வாங்கும்போது இருமுனையிலும் 3.5 மி.மீ. பிளக் உள்ள, மூன்று பகுதி கொண்ட எந்த ஸ்டீரியோ கேபிளும் பொருந்தும்; மைக் வசதிக்கான நான்கு பகுதிக் கேபிளை நாடத் தேவையில்லை. சாக்கெட் கிண்ணத்தின் வெளிப்புறத்துக்குள் பள்ளமாக உட்கார்ந்திருந்தால், தடித்த தலையுள்ள பிளக் முழுவதும் நுழையாமல் ஒரு காது மட்டும் கேட்கும், ஆகவே மெல்லிய தலையுள்ளதைத் தேர்ந்தெடுங்கள். வெட்டியெடுத்த பழைய கேபிளில் முறிந்த பகுதியை நீக்கிவிட்டு, நுனியில் புதிய பிளக்கைப் பற்றவைத்தால் அதுவும் உபரிக் கேபிளாகிவிடும், எம்.டி.ஆர்-7506இன் சுருள் கேபிள் நன்றாக உழைக்கக்கூடியது, எறிய வேண்டியதில்லை. அடிக்கடி கழற்றி மாட்டுவதால் நட்டு தளரும் என்று தோன்றினால், அதன் விளிம்பில் ஒரு துளி நகப்பூச்சை வைத்து உலரவிடுங்கள். தேவைப்படும்போது திருகினால் அது விட்டுக்கொடுக்கும்.